மில்லுக் கிணற்றுக்கு வந்த தடை

நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, இரண்டு நாள் கழித்து அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஒரு நாற்றம் கிளம்பும். புளித்துப்போன கஞ்சியும் மாட்டுத் தொழுவமும் கலந்த மாதிரி என்று சொன்னால் ஓரளவுக்குச் சரியாக இருக்கும். எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு ரைஸ் மில் இருந்தது. அதன் ஊறல் தண்ணீர் எங்கள் வீடுகளை ஒட்டி ஓடிய வாய்க்காலில்தான் வந்து விழும். வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படித்தான் இங்கிட்டுக் குடியிருக்கீங்களோ" என்பார்கள். நாங்கள் விழிப்போம், ஏனென்றால் அப்படி ஒரு நாற்றம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அது ஒரு தடவை திடீரென்று நின்றுபோனது. எதுவோ குறைகிறதே என்று யோசித்தபோதுதான், அத்தனை நாளும் அது இருந்தது எனக்கு உறைத்தது. மில்லில் நெல் காயப்போடும் பெண்கள் இனி வேலைக்கு வர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தவள் என்னைப் பெற்ற ஆத்தா.

அது புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம். யுத்தமும் நடந்துகொண்டிருந்தது; பஸ்ஸெல்லாம் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடின. ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிவரும் மாட்டு வண்டிக்காரர். ஆத்தாவின் பெயர் மூக்காயி. அவித்த நெல்லை ஆவி பறக்கக் களத்தில் கொட்டியதும் பெண்கள் வரிசையாக இறங்கி, காலாலேயே கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டு போவார்கள். மேலே வெயில், கீழே வெந்த நெல், அதற்கும் கீழே சிமெண்டுத் தரை. ஆத்தாவின் உள்ளங்கால் தடித்துப்போய் நெருஞ்சி முள் குத்தினால்கூடத் தெரியாத அளவுக்கு ஆகியிருந்தது. எனக்கு முள் குத்தி நான் அழுதால், பிடுங்கி எறிந்துவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு படுத்துனே" என்பாள்.

சாயங்காலம் நெல்லையெல்லாம் அள்ளிய பிறகு களத்தைப் பெருக்கினால், மண்ணும் கல்லும் கலந்து கொஞ்சம் நெல் தேறும். "பொறுக்கு நெல்" என்று பெயர். அது பெருக்கியவளுக்குச் சொந்தம். யாரும் எழுதி வைத்ததில்லை, மில் வந்த நாளிலிருந்து அப்படித்தான். முதலாளியின் தகப்பனார் இருந்த காலத்தில், அதை விட்டுவிட்டுப் போகிறவளைக் கூப்பிட்டு, "மடியில அள்ளிக்கிட்டுப் போ தாயி, காக்காய்க்கா போட்டு வச்சிருக்கேன்" என்பாராம். யுத்தம் வந்து அரிசிக்குக் கட்டுப்பாடு வந்ததும் மண்ணில் கிடந்த நெல்லுக்கும் மவுசு வந்துவிட்டது. பொறுக்கு நெல் இனிமேல் மில்லுக்குத்தான் என்று மகன் முதலாளி சொல்லிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டாவது அதைப் பொறுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் வாச்மேன் கேட்டில் நின்றுகொண்டு, வெளியே போகிற ஒவ்வொருத்தியையும், "மடியை உதறு" என்று சொல்ல ஆரம்பித்தான்.

மடியை உதறுவது என்றால், இடுப்பில் செருகியிருக்கும் சேலை மடிப்பை அவிழ்த்து எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டுவது. மூட்டை தூக்குகிறவர்கள் நிற்பார்கள், வண்டிக்காரர்கள் நிற்பார்கள். ஒரு நாள் அய்யாவும் மாட்டைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலையில் ஆத்தா களத்துக்குள் இறங்காமல், கேட்டுக்கு வெளியே தன் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எதிர்வீட்டு வெள்ளையம்மா அத்தை, ஊரில் யாரையும் கேலி பண்ணாமல் விடாதவள், பின்னாலேயே வந்து, "என்னடி மூக்காயி, முறத்துக்கு முதுகு வலியா?" என்று கேட்டிருக்கிறாள். "மடி உதறச் சொல்லாத அன்னிக்கு நிமித்துவேன்" என்றாளாம் ஆத்தா. அத்தை தன் முறத்தையும் கவிழ்த்துவிட்டாள். பொழுது ஏறுவதற்குள் களத்துப் பெண்கள் அத்தனை பேரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கொடி கிடையாது, சங்கம் கிடையாது, கோஷம் போடவும் அவர்களுக்குத் தெரியாது.

தொட்டியில் ஊறிய நெல் முளைவிட ஆரம்பித்தது. முதலாளி கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அடியாள் அனுப்பவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. ஒரு பெண்ணின் மேல் கை பட்டிருந்தால் ஊர் கேட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் வக்கீலைப் பார்த்தார். மில்லுக்கு வருகிறவர்களை இந்தப் பெண்கள் வழிமறிக்கிறார்கள், நெல் பாழாகிறது, தடை வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டார்கள். எங்கள் தரப்பை யாரும் கேட்கவில்லை. அவசரம் என்றால் கேட்க வேண்டியதில்லையாம். அவருடைய நெல்லுக்கு இருந்த அவசரம் எங்கள் அடுப்புக்கும் இருந்தது, ஆனால் எங்களுக்கு மனுப் போடத் தெரியவில்லை.

கோர்ட்டிலிருந்து "தாள்" வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் தெருவில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் அய்யாதான் என்று ஆகிவிட்டது. மில்லில் லோடு இல்லாத நாட்களில் கோர்ட் வளாகத்துப் புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சவாரிக்காகக் காத்துக் கிடந்தவர். போகிற வருகிறவர்கள் பேசியதைக் கேட்டே தன்னை அரை வக்கீலாக நினைத்துக்கொண்டிருந்தார். "தாளைக் கையில வாங்குனாத்தான் அது செல்லும். வாங்கலேன்னா கோர்ட்டு அமீனா கதவுல ஒட்டுவான். கதவே இல்லேன்னா எதுல ஒட்டுவான்?" என்று கேட்டுவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் தெருவில் மரக்கதவு யாருக்கும் கிடையாது. ஓலையும் மூங்கிலும் வைத்துக் கட்டிய படல்தான். அன்றைக்கே தெரு முழுவதும் படல்களைக் கழற்றி, அய்யாவின் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் குளத்தங்கரை அய்யனார் கோயில் கொட்டகையில் அடுக்கி வைத்தார்கள். சட்டத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற மிடுக்கோடு அய்யா மாட்டை ஓட்டினார்.

படல் இல்லாத வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் படலின் அருமை தெரியும். ஆடுகள் உள்ளே வந்து உறியைத் தவிர எல்லாவற்றையும் மேய்ந்தன. தெருநாய் கஞ்சிச் சட்டியில் வாய் வைத்தது. பெண்கள் சேலை மாற்ற வேண்டுமானால் இன்னொருத்தி வாசலில் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கேட்டில் மடி உதற மாட்டோம் என்று சொல்லப் போய், வீட்டுக்குள் இருந்த மறைப்பும் போயிற்று என்று வெள்ளையம்மா அத்தை அய்யா காது படவே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் தம்பிக்கும் மட்டும் அது திருவிழாவாக இருந்தது. எந்த வீட்டுக்குள் நுழைந்து எந்த வீட்டு வழியாக வெளியே வந்தாலும் கேட்பாரில்லை.

அமீனா வந்தார். கோர்ட் தாள்களைக் கொண்டுவந்து கொடுக்கும் அந்த உத்தியோகத்துக்கு ஒரு மீசைக்காரனை நான் கற்பனை பண்ணி வைத்திருந்தேன். வந்தவர் வயதானவர், கறுப்புக் குடையும் தோளில் ஒரு துணிப்பையுமாக, வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். கூட மில் கணக்குப்பிள்ளைகள் இரண்டு பேர் சாட்சிக்கு. "மூக்காயிங்கிறது யாரும்மா?" என்று கேட்டார். "அப்படி இங்கிட்டு யாருமே இல்லீங்களே" என்றாள் அத்தை. என் தம்பிக்கு அப்போது மூன்று வயது இருக்கும். "ஆத்தா, ஒன்னத்தான் கேக்குறாரு" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டான்.

ஆத்தா வெளியே வந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கையில வாங்கிக்கிட்டா ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இல்லேன்னா கதவுல ஒட்டணும்மா, அதான் ரூலு" என்று சொல்லிக்கொண்டே அவர் வாசலைப் பார்த்தார். பிறகு பக்கத்து வாசலைப் பார்த்தார், எதிர் வாசலைப் பார்த்தார்.

"படலெல்லாம் எங்கம்மா?"

"கரையான் அரிச்சிருச்சுங்க" என்றாள் அத்தை.

"தெரு பூராவுமா?"

"ரொம்ப நாளாப் பசிச்சுக் கெடந்த கரையானுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுவரில் ஒட்டுவது என்று முடிவு பண்ணினார், ஆனால் பசை கொண்டுவரும் வழக்கம் அவருக்கு இல்லை. போகிற வீட்டிலேயே ஒரு பிடி சோறு வாங்கிப் பிசைந்து, அதைத் தடவி அந்த வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டு வருவதுதான் அவர் இத்தனை வருஷமும் செய்தது. யாரும் இல்லை என்று சொன்னதில்லை போலிருக்கிறது. "ஒரு பிடி சோறு இருந்தாக் குடுங்கம்மா, வெயிலு ஏறுது" என்று கேட்டார். "சோறு இருந்தா நாங்க ஏன்யா மில்லு வாசல்ல உக்காந்திருக்கோம்?" என்றாள் அத்தை. அவர் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. கூரையிலிருந்து ஒரு பனைநாரை உருவி, தாளைச் சுருட்டி எங்கள் கூரைக்காலில் கட்டினார். பிறகு அதில் இருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினார், கணக்குப்பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார், குடையை விரித்துக்கொண்டு போனார்.

"கட்டுனது செல்லாது. ஒட்டுனாத்தான் செல்லும்" என்றார் அய்யா. உறுதிப்படுத்திக்கொள்ள, டவுனில் கூலி வாங்காமல் ஏழைகளுக்கு வாதாடுவார் என்று பேர் வாங்கியிருந்த ஓர் இளம் வக்கீலிடம் போனார். வக்கீல் படல் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அவர் படிச்சுக் காட்டிட்டாரில்லையா, அதுவே போதும் வண்டிக்காரரே. போய்ப் படலைக் கட்டுங்க, புள்ளைங்க இருக்கிற வீடு" என்று சொல்லி அனுப்பினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல, அய்யா கொஞ்ச நாள் தெருவில் தலை காட்டவில்லை.

தாளில் இருந்தது இதுதான்: மூக்காயியும் வெள்ளையம்மாளும் அவர்களைச் சேர்ந்தவர்களும், அதாவது எங்கள் தெரு முழுவதும், வழக்கு முடியும் வரைக்கும், மில் சுற்றுச்சுவரிலிருந்து நூறு கெஜத்துக்குள் கூடவோ நிற்கவோ நடமாடவோ கூடாது. கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு ஒரு நிம்மதிதான். நூறு கெஜம் தள்ளி உட்கார்ந்தால் போயிற்று என்று நினைத்தார்கள். மறுநாள் மில் ஆட்கள் சங்கிலி பிடித்து அளந்து ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே மில் கேட் இருந்தது, கேட்டுக்கு எதிரே புங்கமரம் இருந்தது, புங்கமரத்தடியில் கிணறும் இருந்தது.

எங்கள் பக்கம் பாதிக் கிணறுகள் உப்பு. அது ஒன்றுதான் நல்ல தண்ணீர்க் கிணறு. மில் வருவதற்கு முன்னாலேயே எங்கள் தெருக்காரர்களின் பாட்டன்மார் வெட்டியது, மில் வந்த பிறகு "மில்லுக் கிணறு" என்று பெயர் மாறிவிட்டது. வக்கீலிடம் ஓடினார்கள். "தண்ணி எடுக்கிறதைத் தடுக்கிறது கோர்ட் நோக்கமா இருக்காது. கிணத்தை மட்டும் விலக்கிக் கேட்டு மனுப் போடுவோம், அதுவரைக்கும் கோட்டைத் தாண்டாதீங்க" என்றார் அவர். மனுப் போட்டார். முதல் தடவை வழக்கைக் கேட்க வேண்டிய முன்சீப் லீவில் இருந்தார். அடுத்த தடவை முதலாளியின் வக்கீல் அவகாசம் கேட்டார். அதற்கடுத்த தடவை நேரமில்லை என்று தள்ளிவைத்தார்கள். அதற்கு "வாய்தா" என்று பெயர் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பசிக்கு ஏதடா வாய்தா, தாகத்துக்கு ஏதடா வாய்தா என்று அய்யா மாட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கு ஒன்று விளங்குகிறது. அந்த வழக்கில் முதலாளி ஜெயிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மடியை உதறச் சொன்னது சரியா தப்பா என்று கடைசி வரைக்கும் எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் வரைக்கும் என்று போட்ட தடை ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. வேலைநிறுத்தம் செய்கிறவளின் பலமெல்லாம் அவள் அந்த வாசலில் உட்கார்ந்திருப்பதில்தான் இருக்கிறது; அங்கிருந்து எழுப்பிவிட்டால் அவள் வேலையில்லாதவள், அவ்வளவுதான். எங்கள் பெண்கள் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்தார்கள், அங்கே அவர்களைப் பார்க்க எருமைகள்தான் இருந்தன. அறந்தாங்கிப் பக்கமிருந்து வண்டி வைத்துப் புதுப் பெண்களைக் கூட்டிவந்து முதலாளி களத்தில் இறக்கினார். வாய்க்காலில் பழைய நாற்றம் திரும்ப வந்தது.

குளத்துத் தண்ணீரைத்தான் வடிகட்டிக் குடித்தோம். கோடை வந்து குளம் வற்ற வற்ற, துணியில் தங்கும் சேறு கூடிக்கொண்டே போனது. தெருவில் ஒவ்வொரு பிள்ளையாக வயிற்றோட்டம் வந்தது. என் தம்பிக்கும் வந்தது. எப்போதும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் கண் செருகிக் கிடந்தான், "தண்ணி" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு சொல் இல்லை. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, "மருந்து அப்புறம். மொதல்ல இந்தத் தண்ணியை நிறுத்து. நல்ல தண்ணி குடுத்தாப் பிள்ளை பொழைக்கும்" என்றார். ஆத்தா குடத்தை எடுத்தாள். அய்யா குறுக்கே நின்று, "ஏ பிள்ள, கோர்ட்டு உத்தரவு. வெளையாட்டு இல்லே" என்றார். "கோர்ட்டு வந்து இவனுக்குத் தண்ணி குடுக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் நட்ட நடுப் பகலில் தெருவில் இறங்கி நடந்தாள். அவள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதைத் தெருமுனையில் நின்று நான் பார்த்தேன். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தாள். தம்பி பிழைத்துக்கொண்டான்.

கோர்ட் உத்தரவை மீறியதாக ஆத்தாவின் மேல் மனு வந்தது. இந்த விசாரணைக்கு மட்டும் வாய்தா இல்லை. அய்யாவின் வண்டியிலேயே எல்லாரும் போனோம். முன்சீப் சாந்தமானவர்; ஆத்தாவிடம் அதட்டாமல்தான் கேட்டார்.

"அன்னிக்கு அந்தக் கிணத்துக்குப் போனது உண்டா?"

"உண்டுங்க."

"தடை இருக்கிறது தெரியுமா?"

"தெரியாம என்னங்க, எங்க வீட்டுக் கூரைக்கால்லதானே தொங்குது."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. எங்கள் வக்கீல் எழுந்து, குழந்தைக்கு நோவு, தண்ணீருக்காகப் போனதைத் தவிர வேறு நோக்கம் இல்லை என்று சொன்னார். முன்சீப் தலையை ஆட்டிக்கொண்டார். "தண்ணி எடுத்துட்டு வந்துட்டே, அவ்வளவுதானே?" என்று ஆத்தாவைக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். வக்கீலும் ஆமாம் சொல்லு என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குத்தாங்க போனேன். போன எடத்துல ரெண்டு வார்த்தை பேசவும் செஞ்சேன்" என்றாள் ஆத்தா.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றில் பக்கத்தில் நின்று இறைக்கிறவளிடம் ஒரு வார்த்தையாவது பேசாமல் வரக் கூடாது. பேசாமல் வந்தால் பகை என்று அர்த்தம், அவள் மறுபடி உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். அன்று ஆத்தாவின் பக்கத்தில் நின்று இறைத்தவர்கள் களத்து வேலைக்கு வந்த அந்த வெளியூர்ப் பெண்கள்.

"என்ன பேசினே?"

"எந்த ஊருன்னு கேட்டேங்க. புள்ளைகளை யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்கன்னு கேட்டேன். மடியை உதறச் சொன்னா உதறாதீங்க தாயின்னு சொன்னேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "பேசாம எடுத்துக்கிட்டு வந்திருந்தா கண்டிச்சு விட்டிருப்பேன்" என்றார். வேலைக்கு வந்தவர்களைத் தூண்டியதாக ஆகிவிட்டது. ஒரு மாதம் சிவில் ஜெயில். வெள்ளையம்மா அத்தை எழுந்து, "தாள்ல எம் பேரும் இருக்கு சாமி, என்னையும் போடுங்க" என்று அழுதாள். நீ கோட்டைத் தாண்டவில்லையே என்று சொல்லி அவளை வெளியே அனுப்பினார்கள். எந்நேரமும் கேலி பேசுகிறவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான், எனக்கும் அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. திரும்பி வரும்போது பாதி வழியில் அய்யா, "திருடிட்டா போனா, தண்ணிதானே எடுத்தா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒவ்வொருத்தியாக மில்லுக்குத் திரும்பினார்கள், கடைசியாகப் போனவள் வெள்ளையம்மா அத்தை. வேலைக்குத் திரும்பியவர்களை ஏன் கோட்டைத் தாண்டினாய் என்று யாரும் கேட்கவில்லை, கிணற்றுத் தண்ணீரும் கிடைத்தது. முதலாளி ஒன்று மட்டும் செய்தார். கேட்டில் வாச்மேனை எடுத்துவிட்டு, ஒரு சின்ன அறை கட்டி, அதற்குள் ஒரு பெண்ணை நிறுத்தி மடியைப் பார்க்கச் சொன்னார். நாலு பேர் முன்னால் உதறுவது நின்றது. அதை ஜெயம் என்று சொல்வதா தோல்வி என்று சொல்வதா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆத்தா ஜெயிலிலிருந்து வந்த அன்று அத்தை தன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தாள். ஆத்தா நேரே அங்கே போய், "மில்லுக்குப் போனியாமே, புள்ளைகளுக்கு வயிறாரக் கஞ்சி ஊத்துனியா?" என்று கேட்டாள். "ஊத்துனேன்டி" என்றாள் அத்தை. "அப்ப எதுக்கு மூஞ்சியை மறைக்கிறே?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அவள் மட்டும் மில்லுக்குப் போகவில்லை. களையெடுக்கவும் கதிரறுக்கவும் போனாள். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் நேர் வழி மில் ரோடுதான். அவள் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வருஷங்கள் ஓடின. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. நான் படித்து டீச்சர் வேலைக்கு வந்த பிறகு, ஒரு கல்யாணப் பந்தியில் அந்த வக்கீலைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தார், படல் கதையைச் சொன்னதும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதுவா? அடுத்த வருஷமே தள்ளுபடி ஆயிடுச்சேம்மா. வாய்தா அன்னிக்கு முதலாளி பக்கம் யாருமே வரலை. அவங்களுக்குத் தேவைப்படலை" என்றார். "தடை?" என்று கேட்டேன். "வழக்குப் போனா தடையும் போச்சு. ஏன், யாரும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னேன். அத்தனை வருஷமும் ஒன்றுமில்லாத ஒரு தடைக்குப் பயந்து சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "பயந்தா போனேன்? எம் புள்ளைக்குத் தண்ணி எடுக்க வராதேன்னு ஊரறியப் படிச்சாங்கல்ல? தப்பாச் சொல்லிட்டோம், இனிமே வான்னு அதே மாதிரி வந்து படிக்கட்டும். அன்னிக்குப் போறேன்" என்றாள். அதன் பிறகு நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. முழங்கால் வலி வந்த பிறகும் குளத்தங்கரை வழிதான்.

இப்போது அந்த மில் இல்லை. அது இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் ஒரு டீக்கடை வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் சாக்கடையாகிவிட்டது. குளம் என்று சொல்ல ஒரு பள்ளம் மிச்சம் இருக்கிறது, கரை பூராவும் வீடுகள் வந்துவிட்டன. வெள்ளையம்மா அத்தையும் அய்யாவும் எப்போதோ போய்விட்டார்கள்.

போன வருஷம் ஆத்தாவும் போய்விட்டாள். எங்கள் வழக்கப்படி பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம். சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பி வந்த தம்பியிடம், எந்த வழியாகக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். "மில்லு ரோட்டு வழியாத்தான்க்கா. கொளத்தங்கரையில பாடை போக எங்க எடம் இருக்கு, பூராவும் வீடாப் போச்சே" என்று சாதாரணமாகச் சொன்னான். யாருக்காக அவள் அந்தக் கோட்டைத் தாண்டினாளோ, அவனுக்கு அது ஞாபகமில்லை. ஜெயிலிலிருந்து வந்த பிறகு ஆத்தா அந்த ரோட்டில் போனது அன்றைக்கு ஒரு தடவைதான். அதுவும் அவன் கொள்ளிச் சட்டியோடு முன்னே நடக்க, நாலு பேர் தோளில்.